பிறக்காத கூட்டுத்தாபனத்தின் பெயரில் ஒரு கையெழுத்து: மட்டக்களப்புத் தொடர்மாடி ஒன்றின் பராமரிப்பு ஒப்பந்தம்

பின்னணி

மட்டக்களப்பு நகரில், வாவிக்கரைக்குக் கிட்ட, ஏழு மாடியில் 28 வீடுகள் கொண்ட தொடர்மாடி அது. அதில் ஒரு வீட்டுக்காரன் நான். இங்கே சொல்லும் காலத்தில் உரிமையாளர் சபையின் செயலாளராகவும் இருந்தேன். கட்டடமும் ஆட்களும் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் பெயர்களையும் வருடங்களையும் விட்டுவிட்டேன். மாதங்களைக் கூட்டாதன வரைபடம் (எது தனி வீடு, எது பொதுப் பகுதி என்று காட்டும் வரைபடம்) காணிப் பதிவகத்தில் பதிவான நாளிலிருந்து எண்ணியிருக்கிறேன்.

28 வீடுகளில் 19 விற்றிருந்தன. மீதி 9 கட்டிய கம்பனியின் கையில். வாங்கிய 19 பேரில் 8 பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். இங்கே குடியிருந்தவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள், வைத்தியசாலை ஊழியர்கள். எல்லாரும் வளவும் வேலியும் கிணறுமாக வாழ்ந்து பழகியவர்கள். பொதுப் படிக்கட்டு, பொது மோட்டர், மாதாமாதம் பராமரிப்புக் காசு என்பதெல்லாம் எங்களுக்குப் புதிது.

இலங்கையில் இப்படிப்பட்ட கட்டடங்களை 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஆளுகின்றன. வீட்டுக்காரர் எல்லாரும் சேர்ந்ததுதான் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம்; கூட்டாதன வரைபடம் பதிவாகும்போதுதான் அது பிறக்கிறது. அதற்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற நிலை உண்டு; அது வழக்குப் போடலாம், அதன்மேல் வழக்குப் போடலாம். கூரை, படிக்கட்டு, லிப்ட், தண்ணீர்த் தாங்கி போன்ற பொதுப் பகுதிகள் அதன் பொறுப்பு. ஒவ்வொரு வீடும் தன் பங்குப் பெறுமதிக்கு ஏற்ப அதற்குக் காசு கட்ட வேண்டும். இவ்வளவையும் நாங்கள் பின்னால்தான் படித்தோம்.

முதல் பொதுக்கூட்டம் பத்தாவது மாதம் நடந்தது. சபை தெரிவானது. தலைவராக ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், பொருளாளராக வங்கியில் முப்பது வருடம் இருந்த ஒரு அக்கா, செயலாளராக நான். கூட்டம் முடிந்ததும் கட்டிய கம்பனியின் ஆள் ஒரு நீல நிற ஃபைலைத் தந்தார். "எல்லாம் ஏற்கெனவே ஒழுங்கு பண்ணி இருக்கு சேர், நீங்க காசை மட்டும் கட்டினாப் போதும்" என்றார். கட்டடம் முழுவதையும் ஒரு பராமரிப்புக் கம்பனிக்கு ஒப்படைத்திருந்தார்கள்: காவல், துப்புரவு, லிப்ட், மோட்டர், ஜெனரேட்டர் எல்லாம் அதன் கையில். அந்த ஃபைலை நான் என் அலுமாரியில் வைத்தேன். ஐந்து மாதம் திறக்கவில்லை.

பதினோராம் மாதத்திலிருந்து பதினைந்தாம் மாதம் வரை ஐந்து காசோலை எழுதினோம். முதல் இரண்டும் தலா 240,000 ரூபா, அடுத்த மூன்றும் தலா 264,000. தொகை ஏன் கூடியது என்று யாரும் கேட்கவில்லை. மொத்தம் 12 லட்சத்து 72 ஆயிரம் ரூபா கூட்டுத்தாபனத்தின் பெயரில், எங்கள் இரண்டு கையெழுத்தோடு போனது.

கண்டது

பதினைந்தாம் மாதம், மாரி மழை தொடங்கியிருந்த நேரம், ஐந்தாம் மாடியில் இருக்கும் முழங்கால் வருத்தக்கார அம்மா ஒருவர் லிப்டுக்குள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார். காவலாளிக்குக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. அவசர இலக்கத்துக்கு எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பக்கத்துக் கட்டடத்து மின்வேலைக்காரத் தம்பி வந்துதான் மீட்டார்.

அடுத்த நாள் நானும் பொருளாளர் அக்காவும் மேலே இயந்திர அறைக்கு ஏறினோம். உப்புக் காற்றில் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கீல் துருப்பிடித்து, தொட்டால் உதிர்ந்தது. சுவரில் சணல் கயிற்றில் லிப்ட் பராமரிப்புக் கொப்பி தொங்கியது. மாதம் ஒரு வரி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு கையொப்பம். கடைசி ஏழு வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அமர்வில் எழுதியது போல. அதில் ஒரு திகதியைப் பார்த்து அக்கா விரலை வைத்தபடி நின்றுவிட்டார். அன்றைக்கு மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறிக் கொழும்பு வீதி மூடியிருந்தது. அக்காவின் மகன் அன்று பஸ்ஸில் பாதி வழி போய்த் திரும்பி வந்தவர், அதனால் நாள் நன்றாக நினைவிருந்தது. கொழும்பிலிருந்து வந்ததாக எழுதியிருந்த தொழில்நுட்பவியலாளர் எந்த வழியால் வந்திருப்பார்?

அன்றிரவு நீல ஃபைலைத் திறந்தேன்.

ஒப்பந்தக் காலம் 10 வருடம். மாதக் கட்டணம் 240,000 ரூபாவில் தொடங்கி வருடத்துக்கு 10 வீதம் கூடும். அக்கா கணக்குப் போட்டார்: பத்தாம் வருடம் மாதம் 5 லட்சத்து 66 ஆயிரம் அளவில் வரும். பத்து வருடத்தையும் கூட்டினால் 4 கோடி 59 லட்சம். முதல் ஐந்து வருடத்துக்குள் நாங்கள் நிறுத்தினால் அந்த ஐந்து வருடத்தில் மிஞ்சியிருக்கும் கட்டணத்தில் பாதியைக் கட்ட வேண்டும். அவர்கள் நிறுத்துவதானால் ஒரு மாத அறிவித்தல் போதும்.

கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்து. கட்டிய கம்பனிக்காக ஒருவர். 'முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்காக' என்ற இடத்தில் அதே ஆள். பராமரிப்புக் கம்பனிக்காகக் கையெழுத்திட்டவரும் கட்டிய கம்பனியின் பணிப்பாளர்களில் ஒருவர் என்பது, கம்பனிப் பதிவாளரிடம் எடுத்த படிவங்களில் தெரிந்தது. திகதியையும் பார்த்தோம். வரைபடம் பதிவாவதற்கு 11 கிழமை முந்தியது அது. கூட்டுத்தாபனம் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லாத நாளில் அதன் பெயரில் கையெழுத்து விழுந்திருக்கிறது.

இன்னும் இரண்டு விடயம் அந்தக் கிழமையே வெளிவந்தது. ஒன்று கூரை. அங்கே ஒரு தொலைத்தொடர்புக் கம்பனியின் அன்டெனா நிற்கிறது, அதன் வாடகை மாதாமாதம் கட்டிய கம்பனிக்குப் போகிறது. பதிவான வரைபடத்திலோ கூரை பொதுப் பகுதி. மற்றது எங்கள் சேமிப்பு. மாதச் செலவு 364,000, வீட்டுக்குச் சராசரி 13,000. 19 வீட்டிலிருந்து வருவது 247,000. மாதம் 117,000 குறைகிறது. அதை ஒதுக்கு நிதியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டிருந்தோம். விற்காத 9 வீட்டுக்கும் கட்டிய கம்பனி ஒரு சதமும் கட்டவில்லை. 9 வீட்டுக்கு 13,000 வீதம் அதே 117,000.

என்னை அதிகம் சுட்டது வேறொன்று. வவுணதீவுப் பக்கத்திலிருந்து வரும் இராக் காவலாளி ஐயாவிடம் சம்பளம் பற்றிக் கேட்டேன். "மனே, பில்லுல என்ன எழுதுறாங்களோ எனக்குத் தெரியா. ஈபிஎஃப் எண்டு ஒண்ட நான் இன்னும் கண்ணால காணல்ல" என்றார். ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொள்பவர் 12 வீதம் கட்ட வேண்டும், ஊழியர் பங்கு 8 வீதம், அதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். எங்களுக்கு வந்த பில்லில் இவை எல்லாம் வரி வரியாக இருந்தன. நாங்கள் கட்டிய காசு அவருக்குப் போய்ச் சேரவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் யோசனை கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு வீட்டுக்காரரிடமிருந்து வட்ஸ்அப்பில் வந்தது. "இங்க அறுவது நாள் நோட்டீஸ் குடுத்தாச் சரி, அனுப்பிவிடுங்க" என்றார். அவர் சொன்னது அங்கே உண்மைதான். ஒன்ராறியோவின் 1998ஆம் ஆண்டுக் கொண்டோமினியம் (தொடர்மாடி) சட்டத்தின் 111ஆம் பிரிவு, உரிமையாளர் தெரிவுசெய்த சபை வருவதற்கு முன் செய்யப்பட்ட முகாமை ஒப்பந்தத்தை 60 நாள் எழுத்து அறிவித்தலில் முடிக்க விடுகிறது. அமெரிக்க மாநிலங்களுக்காக எழுதப்பட்ட மாதிரிச் சட்டம் 90 நாள் அறிவித்தல் போதும், தண்டம் இல்லை என்கிறது. அங்கே 1980இல் வந்த கூட்டாட்சிச் சட்டமொன்றும் உண்டு. கட்டியவரின் பிடி விலகி இரண்டு வருடத்துக்குள், மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு, குறித்த வகை நீண்டகால ஒப்பந்தங்களை அதன்கீழ் ரத்துச் செய்யலாம்.

எங்கள் சபையில் பாதிப் பேர் அந்த 60 நாள் கடிதத்தையே அனுப்பத் தயாராகிவிட்டார்கள். பொருளாளர் அக்காதான் மறித்தார்: "அது அவங்கட நாட்டுச் சட்டம். நம்மட சட்டம் என்ன சொல்லுது எண்டு கேட்டுட்டு மறுகா எழுதுவம்." அந்த ஒரு வசனம் எங்களைக் காப்பாற்றியது.

சட்டத்தரணி சட்டத்தை வரி வரியாகப் பார்த்தார். கட்டியவர் செய்த ஒப்பந்தத்தைக் கூட்டுத்தாபனம் இத்தனை நாளில் முடிக்கலாம் என்று நேரே சொல்லும் பிரிவு எங்கள் சட்டத்தில் இல்லை என்றார். 1997ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தைப் பற்றித் தலைவர் கேட்டார். அது பெரும்பாலும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனைகளைப் பற்றியது, பத்து வருடக் காலத்தை உடைக்க அதை நம்பிப் போகாதீர்கள் என்றார். அப்போ மிஞ்சுவது பொது ஒப்பந்தச் சட்டம், அதாவது ரோமன் டச்சுச் சட்டம்.

அதில் எங்களுக்குச் சாதகமும் இருந்தது, பாதகமும் இருந்தது. அவர் சொன்ன விதத்திலேயே எழுதுகிறேன்: "பிறக்காத பிள்ளையின் பெயரில் கடன் எழுத ஏலாது. ஆனால் பிள்ளை பிறந்து வளர்ந்து, அந்தக் கடனுக்குத் தானே வட்டி கட்டத் தொடங்கினால் கதை வேறு." மூன்றாம் ஆளின் பெயரில் இருவர் செய்த ஒப்பந்தம் அந்த மூன்றாம் ஆளைத் தானாகக் கட்டுப்படுத்தாது. அவர் ஏற்றுக்கொண்டால் கட்டுப்படுத்தும். ஏற்பு எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, நடத்தையிலும் தெரியலாம். எங்கள் நடத்தை என்ன? ஐந்து காசோலை.

அப்புறம் அவர் இன்னொன்று சொன்னார். அதை நாங்கள் முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. 'ஒப்பந்தத்தை முடிக்கிறோம்' என்று மட்டும் எழுதினால், முடிப்பதற்கு ஒரு ஒப்பந்தம் இருக்கிறது என்று நாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். உடனே பாதிக் கட்டண நிபந்தனை விழித்துக்கொள்ளும். ஆகவே கடிதம் இரண்டு அடுக்கில் போனது. முதல் அடுக்கு: இந்த ஒப்பந்தம் கூட்டுத்தாபனத்தைக் கட்டுப்படுத்தாது, கூட்டுத்தாபனம் பதிவாகுமுன் அதிகாரமில்லாத ஒருவர் செய்தது, கட்டிய காசு பெற்ற சேவைக்கானதே தவிர ஒப்பந்தத்தை ஏற்றதற்கு அடையாளம் அல்ல. இரண்டாம் அடுக்கு: கட்டுப்படுத்தும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், லிப்ட் பராமரிப்பும் ஊழியர் நிதியும் கடமை மீறல், 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அந்த மீறலுக்காகவே முடிகிறது. கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இணைத்தோம்.

பொதுக்கூட்டத் தீர்மானம் இல்லாமல் அனுப்பக்கூடாது என்பதில் தலைவர் ஐயா உறுதியாக நின்றார். பதினேழாம் மாதம் விசேட கூட்டம் வைத்தோம். வெளிநாட்டில் இருந்தவர்களின் அற்றோனித் தத்துவப் பத்திரங்களை, அதாவது அவர்களுக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் தரும் பத்திரங்களை, சேர்த்தோம். அதில் ஒன்று பதிவாகாமல் இருந்தது. அந்த வாக்கை நாங்களே கழித்தோம், எதிர்ப்பக்கம் கண்டுபிடித்துச் சொல்லும் வரை காத்திருக்கவில்லை. 14 வீடு ஆதரவு. கட்டிய கம்பனியின் ஆள் 9 வீட்டுக்காக எதிராக வாக்களித்தார். தன் சொந்தக் கம்பனியின் ஒப்பந்தத்தில் அவர் வாக்களிக்கலாமா என்ற கேள்வியை விவாதிக்கவே இல்லை. எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் தீர்மானம் நிறைவேறுகிறது என்று இரண்டு கணக்கையும் கூட்டக் குறிப்பில் எழுதினேன். பதினேழாம் மாதக் கடைசியில் கடிதம் பதிவுத் தபாலில் போனது.

இந்தக் கட்டத்தில் ஒரு பெரிய பிழையும் விட்டோம். பதினாறாம் மாதத்திலிருந்து காசை முற்றாக நிறுத்தினோம். சட்டத்தரணி சொன்னது வேறு: காவலுக்கும் துப்புரவுக்கும் உரிய பங்கை, உரிமையை விட்டுக்கொடுக்காமல் என்ற குறிப்போடு கட்டுங்கள் என்றார். கோபத்தில் இருந்த சபை அதைக் கேட்கவில்லை. நானும் நிறுத்தத்தான் வாக்களித்தேன்.

பின் நடந்தது

பராமரிப்புக் கம்பனியின் பதில் பத்து நாளில் வந்தது. ஐந்து காசோலையின் பிரதியும் இணைப்பில் இருந்தது. ஒப்பந்தத்தை ஏற்று நடந்துவிட்டு இப்போது மறுக்க முடியாது, முடிப்பதானால் 65 லட்சத்து 59 ஆயிரம் கட்டுங்கள் என்றார்கள். அக்கா கூட்டிப் பார்த்தார். நிபந்தனைப்படி கணக்குச் சரிதான்.

அதற்கடுத்த கிழமை காவலாளிகளை எடுத்துவிட்டார்கள். நாங்கள் காசு நிறுத்தியதைக் காட்டி அவர்களுக்கு இரண்டு மாதச் சம்பளமும் கொடுக்கப்படவில்லை. எங்கள் சண்டையின் செலவை முதலில் சுமந்தது வவுணதீவு ஐயாவின் வீடு. அதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. பதினெட்டு நாள் ஆண்கள் முறைவைத்து வாசலில் இருந்தோம். லிப்டை நிறுத்தி, அதைத் தயாரித்த நிறுவனத்தின் முகவரை நேரே கூப்பிட்டுப் பரிசோதித்தோம். ஐந்தாம் மாடி அம்மா அந்த நாட்களில் கீழே இறங்கவே இல்லை. சாமான்களைப் பிள்ளைகள் ஏற்றிக் கொடுத்தார்கள்.

தொடர்மாடிகளைக் கவனிக்கும் அரச நிறுவனமான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதினோம். விற்காத வீடுகளின் நிலுவையையும் கூரை வாடகையையும் அதில் தனித்தனிக் காரணங்களாக வைத்தோம். ஊழியர் நிதி விடயத்தில் காவலாளிகள் தாங்களே தொழில் திணைக்களத்துக்குப் போனார்கள். படிவம் நிரப்ப நான் கூடப் போனேன்.

எதிர்ப்பக்கத்தை மேசைக்குக் கொண்டுவந்தது எங்கள் சட்ட வாதம் என்று நான் நினைக்கவில்லை. 9 வீட்டின் நிலுவைதான். அந்த வீடுகளை விற்க வேண்டுமானால், பராமரிப்பு நிலுவை இல்லை என்ற எங்கள் கடிதத்தை வாங்குபவரின் நொத்தாரிசும் வங்கியும் கேட்கிறார்கள். ஒரு விற்பனை அப்படியே நின்றது. அதன் பிறகே தொலைபேசி வந்தது.

முடிவு

இருபத்திரண்டாம் மாதம், மூன்று சந்திப்புக்குப் பின், நீதிமன்றம் போகாமல் இணக்கம் ஏற்பட்டது. எங்களைக் கட்டுப்படுத்தியதா இல்லையா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இரு பக்கமும் தன் நிலையை விடாமலே ஒப்பந்தம் பதினெட்டாம் மாத முடிவோடு முடிந்ததாக எழுதினோம். பதினாறு முதல் பதினெட்டு வரையான மூன்று மாதத்துக்கு 792,000 ரூபா நாங்கள் தருவது. அதிலிருந்து காவலாளிகளின் நிலுவைச் சம்பளத்தை முதலில் கொடுக்க வேண்டும் என்று தனி வரி. 9 வீட்டின் பன்னிரண்டு மாத நிலுவை 14 லட்சத்து 4 ஆயிரம் அவர்கள் தருவது. கழித்து, மிச்சம் 6 லட்சத்து 12 ஆயிரத்தை மூன்று தவணையில் கட்டினார்கள்.

இந்தக் கழிவை எழுதும்போது கவனம் தேவைப்பட்டது. நிலுவை வைத்தது கட்டிய கம்பனி, எங்களிடம் காசு கேட்டது பராமரிப்புக் கம்பனி. பணிப்பாளர் ஒருவரானாலும் சட்டத்தில் இரண்டும் வேறு ஆட்கள். ஒன்றின் கடனை மற்றதன் கடனோடு தானாகக் கழிக்க முடியாது. மூன்று தரப்பும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திட்டால் மட்டுமே அது நிற்கும். அப்படியே செய்தோம்.

கூரை வாடகை அன்றிலிருந்து கூட்டுத்தாபனத்துக்கு வருகிறது. போன மாதங்களின் வாடகையை விட்டுக்கொடுத்தோம். சபையில் நான் ஒருவன் மட்டும் அதை எதிர்த்தேன். இப்போதும் அது பிழை என்றே நினைக்கிறேன். கூரை எங்கள் எல்லாருடையதும் என்று பதிவான வரைபடம் சொல்கிறது. அந்த உரிமையில் வாதிட எதுவுமே இருக்கவில்லை.

இப்போது மூன்று காவலாளிகளும் இரண்டு துப்புரவுப் பெண்களும் நேரே கூட்டுத்தாபனத்தின் ஊழியர்கள். லிப்ட் முகவரோடு வருடத்துக்கொரு ஒப்பந்தம். எல்லாம் சேர்த்து மாதம் 2 லட்சத்து 10 ஆயிரம் அளவில், சேமலாப நிதியோடு. வவுணதீவு ஐயா திரும்பி வந்தார்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் பொதுக்கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் எழுதியிருக்க வேண்டும்: பதிவுக்கு முன் கூட்டுத்தாபனத்தின் பெயரில் செய்யப்பட்ட எந்த ஒப்பந்தத்தையும், பொதுக்கூட்டம் வாசித்து ஏற்கும் வரை, நாங்கள் ஏற்கவில்லை. கட்டும் காசு பெற்ற சேவைக்கு மட்டும். இரண்டே வரி. அது குறிப்புப் புத்தகத்தில் இருந்திருந்தால் ஐந்து காசோலையும் எங்களுக்கு எதிராகப் பேசியிருக்காது.

ஃபைல் கைக்கு வந்த கிழமையே வரைபடம் பதிவான திகதியையும் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். அதற்குச் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை, ஒரு பின்னேரம் போதும். கையெழுத்துப் பக்கத்தை முதலில் வாசிக்க வேண்டும், கட்டணப் பக்கத்தை அதற்குப் பிறகு.

காசை முற்றாக நிறுத்தியிருக்கக்கூடாது. ஊழியர் சம்பளத்துக்கான பங்கைக் குறிப்போடு கட்டியிருந்தால், அல்லது அவர்கள் கையில் நேரே கொடுக்க வழி கேட்டிருந்தால், அந்தப் பதினெட்டு நாளும் வந்திருக்காது. விற்காத வீடுகளின் நிலுவையைக் கடைசியில் கண்ட ஆயுதமாக இல்லாமல், முதல் மாதமே பில்லாக அனுப்பியிருக்க வேண்டும்.

புதிய சபை போன மாதம் தெரிவானது. நான் பொறுப்பை ஒப்படைத்தபோது இயந்திர அறைச் சாவி மூன்று, காசோலைப் புத்தகம், கூட்டக் குறிப்பு, அந்தப் பழைய லிப்ட் கொப்பி எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்து வாங்கினேன். கட்டிய கம்பனி தர ஒத்துக்கொண்ட தண்ணீர்க் குழாய் வரைபடம் மட்டும் இன்னும் வரவில்லை. மூன்றாவது நினைவூட்டல் கடிதம் புதிய செயலாளரின் கையெழுத்தோடு போயிருக்கிறது.